பட்டியலில் ஒரு பிள்ளை

“உங்க பையன் எங்கம்மா?”

வாசலில் நின்றவர் கேட்டது அன்பரசிக்கு விளங்கவில்லை. மாமல்லபுரத்து ரிசார்ட்டில் காலை ஷிப்ட். முப்பத்திரண்டு அறைப் படுக்கை விரிப்புகளை உதறி மடித்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் சதுரங்கப்பட்டினம் வந்து இறங்கி, அப்போதுதான் தட்டில் சோற்றைப் போட்டிருந்தாள்.

“எந்தப் பையன் சார்?”

“சாம்.” வந்தவர் கையிலிருந்த பட்டியலில் விரலை ஓட்டினார். “பி. சாம். தகப்பனார் பூபாலன், தாயார் அன்பரசி. நீங்கதானே? பொறந்தது ரெண்டாயிரத்துப் பதினொண்ணு, ஆகஸ்டு பதினெட்டு. இப்ப பத்தாவது படிக்க வேண்டிய வயசு. எந்த ஸ்கூல்லயும் பேரு இல்ல. ஒண்ணாவதுல இருந்தே இல்ல. எங்க அனுப்பியிருக்கீங்க, வேலைக்கா?”

“எனக்குப் பையனே கிடையாது சார். ஒரே பொண்ணு. சிநேகா. திருக்கழுக்குன்றத்துல பன்னெண்டாவது படிக்குது.”

வந்தவர் சிரித்தார். பெயர் செங்கல்வராயன். பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கண்டுபிடிக்கும் கணக்கெடுப்பு என்று மூன்று வாரமாக இந்தப் பக்கத்துத் தெருக்களில் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை இல்லையென்று சாதித்த பெற்றோர் எத்தனையோ பேரை அவர் பார்த்தாயிற்று.

“பயப்படாதீங்கம்மா, நான் போலீஸ் இல்ல. செங்கல் சூளைல இருந்தாலும் சரி, பெங்களூர்ல ஓட்டல்ல இருந்தாலும் சரி, நானே போய்க் கூட்டியாறேன். எங்கிட்ட சைக்கிள் இருக்கு, பை இருக்கு, செருப்பு இருக்கு, மத்தியானம் முட்டை இருக்கு. பையன்தான் இல்ல.”

“சார், விளையாடாதீங்க.”

“நான் விளையாடுறேனா? நான் வேலைக்குச் சேர்ந்தப்ப பத்தாவதுல ஜன்னல் கட்டையில எல்லாம் உக்காந்து படிச்சாங்க. அட்மிஷனுக்கு எம்.எல்.ஏ. லெட்டரோட வருவாங்க. இப்ப பத்தாவதுல பதினோரு பேரு. நான் லெட்டர் எடுத்துக்கிட்டு வீடு வீடா போறேன். ஒருத்தன் கிடைச்சா ஒரு டஜனாவது தேறும்.”

பட்டியலை அவளிடமே நீட்டினார். அச்சடித்த தாள். நாற்பத்தோராவது வரி. அவள் பெயர், பூபாலன் பெயர், தெருப் பெயர், கதவு எண். எல்லாம் சரி. நடுவில் ஒரு பிள்ளை.

“இது யாரு குடுத்த லிஸ்டு?”

“சுகாதாரத் துறை. பொறந்த குழந்தை, ஊசி போட்ட குழந்தை, எல்லாம் அவங்க கிட்ட இருக்கு. இங்க பாருங்க, உங்க பையனுக்கு ஒரு ஊசி கூட தப்பல. போலியோ, தட்டம்மை, அஞ்சு வயசு ஊசி வரைக்கும் கரெக்டா போட்டிருக்கு. இவ்ளோ ஒழுங்கா ஊசி போட்ட அம்மா, புள்ளயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலைன்னா யாரு நம்புவா?”

அன்பரசியின் கண் அந்தப் பெயரிலேயே நின்றுவிட்டது.

சாம்.

கவர்மென்ட் தப்பு நூறு விதம். ரேஷன் கார்டில் பூபாலனைப் பெண் என்று போட்டதுண்டு. வாக்காளர் பட்டியலில் செத்த மாமியார் இன்னும் ஓட்டுப் போடக் காத்திருக்கிறாள். ஆனால் எந்தக் கம்ப்யூட்டருக்கும் இந்தப் பெயர் தெரிய வழியில்லை. ஆண் பிள்ளை பிறந்தால் சாம் என்று வைக்க வேண்டும் என்பதைப் பூபாலனிடம் கூட அவள் சொன்னதில்லை. உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தாள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துடுங்க,” செங்கல்வராயன் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார். “மூணு கட்டம் இருக்கு. பள்ளியில் சேர்ந்தார், வெளியூர் போயிட்டார், இறந்துட்டார். இதுல ஒண்ணு.”

“பொறக்கவே இல்லைன்னு?”

“அப்படி ஒரு கட்டம் இல்லம்மா,” என்றார், நிஜமாகவே வருத்தப்பட்டு.

அந்த ஓர் ஆள், அவள் அக்கா சாராள்.

அம்மா போனபோது அன்பரசிக்கு வயது நாலு, சாராளுக்குப் பதினெட்டு. தலை பின்னியது, பள்ளியில் சேர்த்தது, பெரிய மனுஷி ஆனபோது ஓலை கட்டி உட்கார வைத்தது, பூபாலனைப் பார்த்து முடித்தது, எல்லாம் சாராள். நர்ஸ் படிப்பு படித்து, கிராம சுகாதாரச் செவிலியராகி, அந்த வட்டாரத்துக்கே ‘சிஸ்டர்’ ஆனவள். சிஸ்டர் சொன்னால் மாத்திரை, சிஸ்டர் சொன்னால் ஊசி. ஊருக்கே அப்படி என்றால் தங்கைக்குக் கேட்கவா வேண்டும்? அக்கா விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகியவள் அன்பரசி.

சிநேகாவுக்கு மூன்று வயதானபோது இரண்டாவது தரித்தது. மூன்றாம் மாதம் ரத்தம் போனது. சாராள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். போகிற வழியில் வலியோடு வலியாக அன்பரசி சொன்னாள்: “ஆம்பளப் புள்ளன்னு மனசு சொல்லுதுக்கா. சாம்னு பேரு கூட வெச்சுட்டேன்.” சாராள் அவள் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். கண் விழித்தபோது வயிற்றில் ஒன்றுமில்லை. தொப்புளுக்குக் கீழே இரண்டு தையல் மட்டும் இருந்தது. “குழாயில அடைப்பு இருந்துச்சு, சுத்தம் பண்ணிட்டாங்க. அடுத்தது நல்லா நிக்கும்,” என்றாள் சாராள்.

அடுத்தது நிற்கவில்லை. பதிமூன்று வருடமாக நிற்கவில்லை.

பூபாலனின் அம்மா சந்திரம்மா அதற்கொரு பெயர் வைத்திருந்தாள்: காக்கா மலடி. காகம் ஒரு தரம்தான் பொரிக்குமாம். ஒன்றோடு நின்றுபோனவளுக்கு அந்தப் பட்டம். குழாயடியில் சொன்னாள், கல்யாண வீட்டில் சொன்னாள், சாகக் கிடந்தபோதும் சொன்னாள். இன்றைக்குத் தெருவில் பாதி வீட்டில் ஒற்றைப் பிள்ளைதான். வேண்டாமென்று நிறுத்தியவர்கள். அந்த வசவுக்கு இப்போது ஆளே இல்லை. இந்த ஊரில் அதைக் கடைசியாக வாங்கிக்கொண்டவள் அன்பரசியாகத்தான் இருப்பாள்.

மறுநாள் புதன்கிழமை. தடுப்பூசி நாள். அன்பரசி ஷிப்டை மாற்றிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

சிநேகா கைக்குழந்தையாக இருந்தபோது இந்த வாசலில் நிற்க இடம் இருக்காது. குழந்தைகளின் அழுகை பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். இப்போது இரண்டு தாய்மார் பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிய செவிலியர் விஜயகுமாரி, இருபத்தாறு வயதுப் பெண், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு குழந்தை வரட்டும்னு பாக்குறேன்க்கா. தட்டம்மை மருந்து ஒரு குப்பியில அஞ்சு பேருக்கு இருக்கும். ஒடைச்சா நாலு மணி நேரம்தான். ரெண்டு பேருக்காக ஒடைச்சுட்டு மீதியக் கொட்ட மனசு வரல. போன வாரம் ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு.” குரலைத் தாழ்த்தினாள். “பெரிய சிஸ்டர் பதினொரு மணிக்கு வருவாங்க. அவங்களைப் பாக்கவா?”

பெரிய சிஸ்டர் என்றால் சாராள். பதவி உயர்வு வாங்கி இப்போது ஆறு துணை நிலையங்களுக்கு மேற்பார்வை.

“இல்ல விஜி. எங்க குடும்பத்து ரிஜிஸ்டர் பாக்கணும். பழசு. ஸ்கூல்ல ஒரு விவரம் கேக்குறாங்க.”

அக்காவின் தங்கை கேட்டால் யார் மறுப்பார்கள்? விஜயகுமாரி பீரோவைத் திறந்து, அட்டை கிழிந்த ஒரு நீளப் பேரேட்டை எடுத்தாள். தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. ஊரில் பிள்ளை பெறும் வயதில் இருக்கிற ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வரி.

“இருநூத்துப் பதினாலு. இந்தாங்கக்கா. பூபாலன், அன்பரசி. உயிருடன் உள்ள குழந்தைகள் ரெண்டு. பெண் ஒண்ணு, ஆண் ஒண்ணு.” அவள் குரலில் எந்தச் சந்தேகமும் இல்லை. “முறை, நிரந்தரம். தேதி இருபத்திரெண்டு மூணு பதிமூணு.”

“நிரந்தரம்னா?”

“ஆபரேஷன்க்கா. குடும்பக் கட்டுப்பாடு. நீங்க பண்ணிக்கினதுதானே? அதனாலதான் உங்க வூட்டுக்கு நான் வர்றதே இல்ல. மத்தவங்க வூட்டுக்கெல்லாம் மாசம் ஒரு தபா போய் இன்னா முறை, ஏது முறைன்னு கேக்கணும். உங்க வரியில சிவப்பு மையில முடிஞ்சுதுன்னு போட்டிருக்கு.”

அன்பரசி பேரேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மணிமணியான கையெழுத்து. இந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவள் ‘அ’ எழுதக் கற்றுக்கொண்டாள்.

குழாயடைப்பு. சுத்தம் பண்ணிட்டாங்க. அடுத்தது நல்லா நிக்கும்.

போனில் படம் எடுத்துக்கொண்டாள். முதல் படம் மங்கலாக வந்தது. இரண்டாவது தெளிவு.

பதினொன்று அடிப்பதற்குள் சாராளின் ஸ்கூட்டர் வந்து நின்றது. தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

“இன்னாடி இந்த நேரத்துல? ஒடம்புக்கு இன்னா? வா உள்ள. நாஸ்தா துன்னியா?”

“பின்னாடி வா.”

கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. ஆள் இல்லை. அன்பரசி போனை எடுத்து நீட்டினாள். சாராள் கண்ணாடியைத் தேடவில்லை. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. தொட்டி விளிம்பில் சாய்ந்தாள்.

“வாத்தியார் வந்து எம் புள்ள எங்கன்னு கேட்டாரு. எம் புள்ள எங்கக்கா?”

“அன்பு, நான் சொல்றதைக் கேளு.”

“கேக்கத்தான் வந்துகீறேன்.”

“மார்ச் மாசம்டி அது. எனக்கு நாப்பது ஆபரேஷன் கேஸ் சொல்லியிருந்தாங்க. முப்பத்தெட்டுதான் ஆயிருந்துச்சு. மீட்டிங்ல அத்தினி பேரு முன்னாடி எழுப்பி நிக்க வெச்சுட்டாரு அந்த ஆபீசர். ‘ஏம்மா, உன் ஏரியால பொம்பளைங்களே இல்லையா’ன்னு கேட்டாரு. எல்லாம் சிரிச்சாங்க. வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போன்னாரு. அப்ப எங்க வூட்டுக்காரரும் வேலையில இல்ல.”

“அதுக்கு நானா?”

“நீ அங்க படுத்துகினு இருந்த.” சாராள் இதைச் சாதாரணமாகச் சொன்னாள். பஸ் வந்தது, ஏறினேன் என்பதைப் போல. “கலஞ்சது கலஞ்சுபோச்சு, எப்படியும் சுத்தம் பண்ண மயக்கம் குடுக்கப் போறாங்க. அதோட அதா ஆயிடும்னு தோணிச்சு. உனக்கும் அப்ப அந்த ஒண்ணை வளக்கவே முடியல. பூபாலன் குடிச்சுகினு கெடந்தான். நல்லதுன்னுதான் நெனச்சேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை.”

“கேட்டா ஒத்துகினு இருப்பியா?”

அதற்குப் பதிலைச் சாராளே சொல்லிக்கொண்டவள் போலத் தலையை ஆட்டினாள்.

“புள்ள எங்க இருந்து வந்துச்சு?”

“இருபத்திரண்டு வயசு, ஒரே ஒரு பொண்ணுன்னா டாக்டரம்மா கை வைக்க மாட்டாங்க. ரெண்டுன்னு எழுதணும். அதுல ஒண்ணு ஆம்பளைன்னு இருந்தாத்தான் மறுபேச்சு இருக்காது. பேரு கேட்டாங்க. வாயில அதுதான் வந்துச்சு.”

“நான் சொன்ன பேரு.”

“வாயில வந்துச்சுடி.”

பெஞ்சிலிருந்த குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது. விஜயகுமாரி குப்பியை உடைத்துவிட்டாள் போலிருக்கிறது.

“சரி, எழுதுன. அன்னிக்கோட அடிச்சுட்டிருக்கலாம். அஞ்சு வயசு வரைக்கும் அவனுக்கு எதுக்கு ஊசி போட்ட?”

“எப்படி அடிக்கிறது? பொறந்தான்னு எழுதுனா ஊசி எழுதியாவணும். விட்டுப்போச்சுன்னா ஏன்னு கேப்பாங்க. செத்துட்டான்னு எழுதுனா ஆடிட் வரும். ஒரு குழந்தை செத்தா எத்தினி பேரு வருவாங்கன்னு உனக்குத் தெரியாது. வூட்டுக்கே வந்து அம்மாவ உக்கார வெச்சுக் கேப்பாங்க. உங்கிட்ட வந்து நிப்பாங்க. அதான் உசுரோட வெச்சுகினே வந்தேன். அப்பால எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துனாங்க. அவனும் ஏறிட்டான்.”

அன்பரசிக்குச் சிரிப்பு வந்தது. தன் பிள்ளை செத்துவிடாமல் இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறாள் அக்கா.

“அந்த மாத்திரை?”

“இன்னா மாத்திரை?”

“மாசாமாசம் குடுத்தியே. வெள்ளை மாத்திரை. ‘நம்பிக்கையாப் போடு, நிக்கும்’னு. பதிமூணு வருஷமா முழுங்குறேனே. அச்சிறுபாக்கம் மலை மேல தொட்டில் கட்டுனோமே, துணிய நீதானே முடிச்சுப் போட்ட?”

“நீ கேட்ட. குடுக்கலைன்னா சந்தேகப்படுவ.”

“டாக்டருகிட்ட போலாம்னு நான் சொன்னப்பல்லாம் நீயே ஒரு டாக்டரைக் காட்டுன. அந்தாளு ஸ்கேன் கூட எழுதல.”

சாராள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப இன்னா சொல்றாங்க தெரியுமா?” திடீரென்று அவள் குரலில் ஒரு கோபம் வந்தது, தங்கை மேல் அல்ல. “போன மாசம் மீட்டிங். உங்க ஏரியால ஏன் பிரசவமே கொறஞ்சுபோச்சுன்னு கேக்குறாங்க. மறுபடியும் எழுந்து நின்னேன். அன்னிக்கு ஆபரேஷன் ஏன் கம்மின்னு நிக்க வெச்சாங்க, இன்னிக்குப் பிரசவம் ஏன் கம்மின்னு நிக்க வெக்கிறாங்க. எனக்கு ரெண்டு பசங்க. பெரியவன் கனடாவுல நாய் வளக்குறான். நாய்க்கு பர்த்டே போட்டோ அனுப்புறான். நான் யாரைக் கேக்குறது?”

அன்பரசி காதில் அது ஏறவில்லை. அவளுக்குள் வேறொரு கேள்வி முளைத்திருந்தது. கேட்கக் கூடாத கேள்வி.

“அக்கா. அன்னிக்கு எனக்கு அது தானாத்தான் கலஞ்சுதா?”

“அன்பு.”

“ரத்தம் போறதுக்கு மொத நாளு நீ ஒரு மாத்திரை குடுத்த. வாந்திக்குன்னு.”

“அது வாந்திக்குத்தான்டி. பைபிள் மேல சத்தியம். அது தானாத்தான் கலஞ்சுது.”

உண்மையாகவே இருக்கலாம். முகத்தைப் பார்த்தால் உண்மை போலத்தான் இருந்தது. ஆனால் ‘அடுத்தது நல்லா நிக்கும்’ என்று சொன்னதும் இதே முகம்தான். அன்பரசிக்கு அந்த நிமிடம்தான் ஒன்று உறைத்தது: இனி சாகும் வரை இதற்கு விடை தெரியப்போவதில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆளை நம்ப முடியாது.

சாராள் அவள் கையைப் பிடித்தாள். “வாத்தியாருக்குக் கடுதாசி குடுக்கணும், அவ்ளோதானே? இறந்துட்டான்னு எழுதிக் குடுத்துடு. லிஸ்டை விட்டுப் போயிடுவான். யாருக்கும் எதுவும் தெரியாது. இல்லைன்னா எனக்கு வேலை போயிடும்டி. கேஸாகும். ஜெயிலுக்குக் கூட அனுப்புவாங்க.”

அன்பரசி கையை உருவிக்கொண்டாள்.

“நான் எழுத மாட்டேன். அவனை எழுதுனது நீ. அடிக்கிறதும் நீயே அடி. வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்கு வா. இப்படி ஒரு புள்ள இல்ல, நான்தான் பொய்யா எழுதுனேன்னு உன் கையால எழுது. அதோட விட்டுடறேன். ஆபரேஷனைப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

பூபாலன், கம்பெனி ஆட்களை மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு டிரைவர். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனிடம் போனைக் காட்டினாள். இரண்டு தரம் படித்தான். சட்டையைக் கழற்றப் போனவன் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தான்.

“உங்க அக்கா எங்கிட்ட வந்து சொல்லிச்சு,” என்றான். “‘அவ ஒடம்புல கோளாறு கீது பூபாலா, நீ பெரிய மனசு பண்ணி அவள வெச்சுக்கோ, ரெண்டாந்தாரம் அது இதுன்னு போயிடாத’ன்னு. நான் குடியை வுட்டதே அந்தப் பேச்சுக்கப்புறம்தான். சாமி மாதிரி நெனச்சுகினு இருந்தேன் அதை.”

“உனக்குக் கோவம் வரலையா?”

“வருது. யாரு மேலன்னு தெரியல. எங்கம்மா உன்னை அந்தப் பேரு சொல்லி ஏசுனப்பல்லாம் நானும் பேசாமத்தானே இருந்தேன்.” எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். “இன்னா பண்ணப் போற?”

“அக்கா வந்து உண்மைய எழுதுனா விட்டுடுவேன்.”

“வருமா?”

“வரும்,” என்றாள் அன்பரசி. வளர்த்தவள் அல்லவா.

வியாழக்கிழமை மத்தியானம் சாராளே போன் செய்தாள். அழுதிருந்த குரல். “நீ சொல்றதுதான் சரி அன்பு. நானே வந்து எழுதறேன். உள்ளது உள்ளபடி எழுதிடறேன். இத்தினி வருஷம் சுமந்தது போதும்.” ரிசார்ட்டின் லாண்டரி அறையில், ஈர விரிப்புகளுக்கு நடுவே, அன்பரசிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அழவும் செய்தாள். இரண்டு நாளாக அவள் வேண்டிக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். குழந்தை வரப்போவதில்லை, அக்காவாவது திரும்பி வரட்டும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி.

செங்கல்வராயனின் அறையில் கரும்பலகையில் எழுதியிருந்தது: மொத்தம் 61, வருகை 58. பக்கத்து வகுப்பறைகள் இரண்டு பூட்டிக் கிடந்தன. சாராள் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை, இஸ்திரி மடிப்பு கலையாமல். தங்கையைப் பார்த்துப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“சிஸ்டர் உங்களுக்கு அக்காவா? மொதல்லயே சொல்லியிருந்தா நான் அலைஞ்சிருக்கவே மாட்டேனே,” என்றார் வாத்தியார். “அவங்களே எழுதித் தர்றேன்னுட்டாங்க. நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்.”

“அவளுக்குக் கை ஓடாது சார்,” என்றாள் சாராள்.

எழுதினாள். அதே மணிமணியான எழுத்து. பாதிப் பக்கம் வந்தது. அடியில் ‘தாயார்’ என்று எழுதி, கோடு போட்டு, தாளைத் தங்கை பக்கம் நகர்த்தினாள். கோட்டின் மேல் விரல் வைத்தாள்.

“இங்க போடுடா.”

அன்பரசி பேனாவை எடுத்தாள். பழக்க தோஷம், கை கோட்டை நோக்கித்தான் போனது. பிறகு மேலே படித்தாள்.

‘...மேற்படி என் மகன் சாம், 2019ஆம் வருடம், உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, விஷக் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டான் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’

இரண்டாம் தரம் படித்தாள். 2019. அப்படியென்றால் ஏழு வயது. ஐந்து வயதுக்குள் செத்தால் ஆடிட். வெளியூரில் செத்தால் இந்த ஊர்க் கணக்கில் வராது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் அவனைக் கொன்றிருந்தாள்.

“அடடா,” செங்கல்வராயன் தாளை எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். “புள்ளய பறிகொடுத்தவங்க கிட்டயா நான் அப்படிப் பேசுனேன். மன்னிச்சுக்கங்கம்மா.”

சாராள் மேசைக்கு அடியில் தங்கையின் முழங்காலைத் தொட்டாள். “போட்டுடு கண்ணு. முடிஞ்சுது.”

நேற்று போனில் அழுத அழுகை. ‘உள்ளது உள்ளபடி.’ அன்பரசி அதற்குள் வேறு யாரிடமாவது போய்விடாமல் ஒரு நாள் கட்டிப் போட அந்த அழுகை போதுமாயிருந்தது. பதிமூன்று வருடத்துக்கு முன்னால் மீட்டிங், டார்கெட், ஆபீசர் என்று ஆயிரம் சொல்லலாம். இன்றைக்கு இந்த அறையில் யாரும் அவளை எழுப்பி நிற்க வைக்கவில்லை.

அன்பரசி கோட்டில் கையெழுத்துப் போடவில்லை. அதற்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். எழுத்து கோணல்மாணலாக வந்தது. நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

‘மேலே உள்ளது என் அக்கா சாராள் எழுதியது. அது பொய். சாம் என்று எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சாகவும் இல்லை. 22.3.2013 அன்று என்னைக் கேட்காமல் எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ய வைத்து, அதற்காக இப்படி ஒரு பிள்ளையை எழுதியவர் அவர். ரிஜிஸ்டர் படம் என்னிடம் இருக்கிறது. பூ. அன்பரசி.’

“இன்னாடி எழுதுற?” சாராள் எட்டிப் பார்த்தாள். தாளைப் பிடுங்கப் போன கையை அன்பரசி பேனா பிடித்த கையாலேயே தள்ளினாள். தாள் வாத்தியார் பக்கம் போய்விட்டது.

செங்கல்வராயன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். இந்த முறை மேலே இருந்த பாதியையும் சேர்த்து.

“சிஸ்டர், இது...”

“அவளுக்கு மனசு சரியில்ல சார். புள்ள போன ஏக்கம். அதைக் கிழிச்சுப் போடுங்க, நான் வேற எழுதித் தரேன்.”

“புள்ளயே இல்லைன்னு எழுதியிருக்காங்களே.”

“அதான் சொல்றேனே, ஏக்கம்னு.”

வாத்தியார் அன்பரசியைப் பார்த்தார். “அம்மா, இது மேல போகும். ஒரு தடவை போயிட்டா நான் நிறுத்த முடியாது. உங்க அக்கா வேலை போகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம். யோசிச்சுத்தான் எழுதுனீங்களா?”

“சீல் வைங்க சார்.”

சாராள் எழுந்தாள். கைப்பையை மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“தாய் இல்லாத புள்ளன்னு எடுத்து வளத்தேன் பாரு. எனக்கு வேணும்.”

“வளத்த. இல்லைன்னு சொல்லல,” என்றாள் அன்பரசி. “அதுக்கு வெலைய நான் தந்துட்டேன். என்னைக் கேக்காமலே எடுத்துகின.”

ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. பத்தாம் வகுப்பில் பதினோரு பேர் ஒரே குரலாகச் செய்யுள் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். செங்கல்வராயன் மை வற்றிய பேடில் முத்திரையை மூன்று தரம் குத்தி, தாளின் மூலையில் அழுத்தினார். ஃபைலைத் திறந்தார்.

“சார். எனக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும்.”

“மெஷின் ரிப்பேரும்மா. பஸ் ஸ்டாண்டு கடைலதான் எடுக்கணும். நீங்க கிளம்புங்க, சாயங்காலம் எடுத்து யார்கிட்டயாவது குடுத்தனுப்புறேன்.”

“வேணாம் சார். பேப்பர் உங்க கையிலயே இருக்கட்டும்.” அன்பரசி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “நான் கூடவே நடந்து வர்றேன்.”

வாத்தியார் சைக்கிளை எடுக்காமல், ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முக்கால் கிலோமீட்டர், நல்ல வெயில். அன்பரசி அவருக்குப் பின்னால் போகவில்லை, முன்னாலும் போகவில்லை. ஃபைல் கண்ணில் படுகிற பக்கமாக, அவர் வலது கையை ஒட்டியே நடந்தாள்.